கொம்பூரணிக்காரர்கள் சென்னை பார்த்தது

கொம்பூரணியில் அறிவாளிகளும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்பதால் இந்தக் கதையில் அவர்கள் வரவில்லை.

வருகிறவர்கள் நான்கு பேர். நால்வருக்கும் செம்மறி ஆடு மேய்ப்பது தொழில். ராமநாதபுரம் பக்கத்து வெயிலில் மந்தையை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். அறுவடை முடிந்த வயலில் ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போடுவார்கள். வயலுக்கு உரம் கிடைக்கும். கிடை போட்டவர்களுக்கு விடிந்ததும் வயல்காரர் வீட்டுச் சோறு வரும். இப்படி ஒரு ஏற்பாட்டில் இரண்டு தலைமுறை வாழ்ந்துவிட்டால், எங்கே படுத்தெழுந்தாலும் அந்த இடத்துக்கு நன்மை செய்துவிட்டோம் என்ற நினைப்பு மனிதனுக்கு வந்துவிடுகிறது.

நால்வரில் மூத்தவர் சோணை. மந்தைக்குத் தலைவர், ஆகவே கீதாரி என்று பட்டம். இரண்டாவது ஆள் சேவுகன். குடல்வால் அறுவை சிகிச்சைக்காக மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் மயக்கமாகக் கிடந்தவன் என்பதால், பெருநகரங்களைப் பற்றிய சந்தேகங்களை அவனிடம்தான் கேட்பார்கள். மூன்றாவது ஆள் வெள்ளைக்கண்ணு. அவனுக்கு எப்போதும் பசிக்கும். நான்காவது மாயழகு. சோணைக்குத் தங்கை மகன், இருபத்தெட்டு வயது, கல்யாணம் ஆகாதவன்.

ஆகாததற்குக் காரணம் உண்டு. இதுவரை வந்த ஐந்து சம்பந்தங்களும் ஆட்டு வாடை என்று சொல்லித் தட்டிப்போயின. ஆறாவதாக வந்தது நித்யகலாவின் ஜாதகம். பெண், பக்கத்து ஊர். வேலை, சென்னையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். காலையிலிருந்து மாலை வரை அடுத்தவர் கையில் ஊசி ஏற்றுகிற வேலை என்பதால் நிதானமாகப் பேசுவாள். அவளுடைய புகைப்படத்தைப் பாலிதீன் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாயழகு இரண்டு மாதமாக ஆடு மேய்த்தான். அந்த இரண்டு மாதத்தில் எட்டு ஆடுகள் காணாமல் போயின.

சித்திரைக் கடைசியில் அவள் போன் செய்தாள்.

"நான் சென்னையை விட்டு வரமாட்டேன். நீங்கதான் இங்க வந்து இருக்கணும். அதனால ஊரைப் பார்க்காம சரின்னு சொல்லிடாதீங்க. சனிக்கிழமை வந்து ஒரு நாள் சுத்திப் பாருங்க. கத்திரி வெயில் கொளுத்துது, நிழல்லயே நடங்க. சாப்பாட்டுக்குப் போர்டைப் பார்த்துப் போகாதீங்க. இந்த ஊர்க்காரங்க போற இடத்துக்குப் பின்னாடியே போங்க. ராத்திரி ஊரைப் பாருங்க, அப்பதான் இது அழகு. எல்லாரும் பார்க்கிறதைப் பார்த்துட்டு வந்து என்கிட்டச் சொல்லாதீங்க. யாருக்கும் தெரியாத இடம் ஒண்ணாவது பாருங்க. ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு எங்க விடுதி வாசலுக்கு வந்து, எப்படி இருந்துச்சுன்னு உங்க வாயால சொல்லுங்க. அப்புறம் நான் என் பதிலைச் சொல்றேன். ஏழுன்னா ஏழு. எட்டு மணிக்கு எனக்கு வேலை."

மாயழகு இதை ஒரு எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்தான். ஆடுகளிடம் சொல்லிப் பார்த்தான். அவை ஆட்சேபிக்கவில்லை.

"தனியாப் போயிருவேன் மாமா," என்றான் சோணையிடம்.

"பொண்ணு பார்க்கத் தனியாப் போனவன் நம்ம வம்சத்துல எவன்டா இருக்கான்?" என்றார் சோணை. அதோடு அது முடிந்தது.

பயணத்துக்காக மாயழகு சந்தையில் புது டயர் செருப்பு தைத்துக்கொண்டான். வலது காலுக்குப் பச்சை வார் தைத்து முடித்தபோது தைக்கிறவரிடம் பச்சை தீர்ந்துவிட்டது. இடது காலுக்கு நீலம் வைத்தார். எது எந்தக் கால் என்று இனிமேல் குழம்பவேண்டாம் என்று மாயழகு மகிழ்ந்தான்.

எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கியபோது காலை ஆறு மணி. நித்யகலாவின் விடுதி இருப்பது மேற்கு மாம்பலத்தில். கையில் ஆளுக்கொரு துண்டு; நால்வருக்கும் பொதுவாக, கிளை வளைத்து ஆட்டுக்குத் தழை பறிக்கிற நீளமான தொரட்டி ஒன்று. கட்டடங்களின் நிழல் நீளமாக விழுந்து கிடந்ததால் முதல் ஒரு மணி நேரம் பிரமாதமாக நடந்தார்கள். பிறகு ஒரு சாலை குறுக்கே வந்தது. சாலையில் நிழல் இல்லை.

நால்வரும் நின்றார்கள்.

"மேகம் வரட்டும்," என்றான் வெள்ளைக்கண்ணு.

"சித்திரையில எங்கடா மேகம் வரும்?" என்றார் சோணை. "ஆடியில வரும்."

"ஆடிக்குள்ள போயிடலாமா மாமா? நாளைக்கு ஏழு மணிக்கு அங்க நிக்கணும்," என்றான் மாயழகு.

சேவுகன் கண்ணை இடுக்கிக்கொண்டு சாலையைப் பார்த்தான். "மாப்ளே, பட்டணத்து நிழல் நம்ம ஊர் நிழல் மாதிரி ஒரே இடத்துல கிடக்காது. இது நடக்குற நிழல். அந்தா பாரு."

அவன் காட்டிய இடத்தில் ஒருவர் மூன்று சக்கர வண்டியில் ஒரு இரும்பு பீரோவை நிற்க வைத்துக் கட்டி மிதித்துக்கொண்டு போனார். பீரோவின் நிழல் பக்கத்திலேயே, நாலு ஆள் அகலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நால்வரும் அதற்குள் புகுந்தார்கள்.

பீரோ வளைந்தபோது வளைந்தார்கள். சிக்னலில் நின்றபோது நின்றார்கள். வண்டிக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். வாங்கியவர் அனுப்பிய ஆட்கள் என்று நினைத்து ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து பீரோ சூளைமேட்டில் ஒரு வீட்டின் முன் நின்றது. பீரோவை இறக்கினார்கள். நிழல் மாடி ஏறியது. ஆகவே நால்வரும் ஏறினார்கள். அடியில் தோள் கொடுத்தால் நிழல் இன்னும் நெருக்கமாக இருக்கிறது என்று சோணை கண்டுபிடித்ததால் மூன்று மாடிக்கும் அவர்களே தூக்கினார்கள்.

வீட்டு அம்மாள் தட்டில் சுடச்சுட இட்லியும் வடகறியும் கொண்டுவந்து வைத்தாள். வடகறி வாசனை வெள்ளைக்கண்ணுவின் கண்ணில் தண்ணீராக வந்தது.

"தொடாதே," என்றார் சோணை. "ஊர்க்காரங்க போற இடத்துக்குப் பின்னாடி போய்த்தான் திங்கணும்னு பொண்ணு சொல்லியிருக்கு. நாம பீரோவுக்குப் பின்னாடி வந்தோம்."

"பீரோ இந்த ஊருதானே மாமா?"

சோணை இதை யோசித்தார். பீரோவைத் தட்டிப் பார்த்தார். கதவின் உட்புறம் தயாரித்த ஊரின் பெயர் இருந்தது. சென்னை இல்லை. எழுந்துவிட்டார்கள். இப்படிப்பட்ட கூலியாட்களைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று அந்த அம்மாள் பக்கத்து வீட்டில் சொன்னாள். அது உண்மைதான்.

உச்சிப்பொழுதுக்கு அவர்கள் ஒரு பெரிய நாற்சந்தியில் அகப்பட்டுக்கொண்டார்கள். சூரியன் தலைக்கு நேர் மேலே. மேம்பாலத்தின் நிழல் வேலி போட்டு அடைத்திருந்தது. மரத்தை மெட்ரோ வேலைக்காக வெட்டியிருந்தார்கள். வந்த வழியிலும் நிழல் சுருங்கிச் சுவரோடு ஒட்டிவிட்டது.

இந்த நிலைமைக்கு ஆடு ஒரு வழி வைத்திருக்கிறது. உச்சி வெயிலில் செம்மறிகள் ஒன்றின் வயிற்றுக்கடியில் இன்னொன்று தலையைச் செருகிக்கொண்டு வட்டமாக நிற்கும். எல்லாத் தலைக்கும் நிழல். முதுகுகளைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. விலங்கு நூல் எழுதியவர்கள் இதைப் புத்திசாலித்தனம் என்றே குறித்திருக்கிறார்கள். அதே காரியத்தை மனிதர் செய்தால் எப்படிக் குறிப்பது என்று எழுதவில்லை.

நால்வரும் குனிந்தார்கள். சோணையின் தலை சேவுகன் வயிற்றுக்குக் கீழே போனது. சேவுகன் தலை வெள்ளைக்கண்ணு வயிற்றுக்குக் கீழே. வெள்ளைக்கண்ணு தலை மாயழகு வயிற்றுக்குக் கீழே. மாயழகு தலை சோணை வயிற்றுக்குக் கீழே. வட்டம் பூர்த்தியானது.

"மாமா, உங்க வயிறு இரையுது," என்றான் மாயழகு உள்ளேயிருந்து.

"இரையட்டும். நிழல் இருக்கா?"

"இருக்கு மாமா."

கொஞ்ச நேரத்தில் சுற்றிலும் கூட்டம் கூடியது. யோகா என்றார்கள் சிலர். ஒரு பையன் போனில் படம் பிடித்தான். கூட்டம் இரண்டு வரிசை, மூன்று வரிசை என்று நெருங்க நெருங்க வட்டத்தின் மேல் நிழல் விழுந்தது. நால்வரும் நிமிர்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுகமாக நின்றார்கள். இவ்வளவு மரியாதை தெரிந்த ஊர் என்று சோணை நினைக்கவில்லை.

போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் விலக்கிக்கொண்டு வந்தார். காலையிலிருந்து அதே நாற்சந்தியில் நின்றவர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்ன போராட்டம்? அனுமதி வாங்கினீங்களா? என்ன கோரிக்கை?"

"நிழல்தாங்கய்யா," என்றார் சோணை.

"நிழலா?"

"ஆமாங்கய்யா. நிக்கிற இடத்துல நிழல் இல்ல."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். அண்ணாந்து சூரியனைப் பார்த்தார். "பதிமூணு வருஷமா இதே கோரிக்கைதான் எனக்கும்," என்றார். பிறகு கடமை நினைவுக்கு வந்து, "கலைஞ்சு போங்க, கலைஞ்சு போங்க," என்று கூட்டத்தைத் தள்ளினார்.

"அய்யா, அவங்களைக் கலைச்சுராதீங்க," என்று சேவுகன் கெஞ்சினான். "அவங்க போனா வெயில் வந்துரும். எங்களை வேணும்னா கலைங்க."

அவர் நால்வரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பணியில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக ஒரு கூட்டத்தைக் கலைக்காமல் அதற்குள் வந்து நின்றுகொண்டார்.

நான்கு மணிக்கு மேல் நிழல்கள் மறுபடி நீளமாயின. மாயழகுக்கு வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனால் அவனுக்குப் பசியைவிட ஒன்று அரித்தது. பாதி நாள் போய்விட்டது. நாளைக் காலையில் அவளிடம் சொல்ல இதுவரை ஒரு பீரோதான் இருக்கிறது.

"மாமா, சாப்பாட்டு விஷயத்தை முடிச்சிருவோம்," என்றான்.

இதில் சோணைக்குத் தொழில் ஞானம் உண்டு. மந்தையில் முன்னால் போகிற கிடாவுக்குத்தான் எங்கே மேய்ச்சல் என்று தெரியும். மற்றது எல்லாம் பின்னால் போகவேண்டியதுதான். ஆகவே ஊர்க்காரர்களில் ஒரு நல்ல கிடாவைப் பிடிக்கவேண்டும். நடைபாதையில் நின்று போகிற வருகிற ஆட்களை அவர் மதிப்பிட்டார். ஒருவர் மெலிவு. ஒருவருக்கு நடை சரியில்லை. ஒருவர் வாயைத் திறக்காததால் பல்லைப் பார்க்க முடியவில்லை. கடைசியில் அரைக்கால் சட்டையும் வெள்ளை ஷூவும் போட்ட அறுபது வயதுக்காரர் ஒருவர் வந்தார். தொந்தி முன்னால் வந்தது. அவர் பின்னால் வந்தார்.

"இதுதான்," என்றார் சோணை. "திங்கத் தெரிஞ்ச உடம்பு."

நால்வரும் பின்தொடர்ந்தார்கள். வழியில் ஒரு கடையில் பிரியாணி அண்டாவைத் திறந்தார்கள். முன்னால் போனவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை, அவர்களும் திரும்பவில்லை. ஒரு கடையில் மிளகாய் பஜ்ஜி பொரிந்தது. ஒரு தள்ளுவண்டியில் பர்மா நூடுல்ஸில் வெங்காயப் பொரியலும் புளித்தண்ணீரும் போட்டுக் கையால் கலந்து அத்தோ என்று நீட்டினார்கள். ஒரு சந்தில் மூன்று பேர் நின்றபடியே ஆட்டுக்கால் சூப் குடித்தார்கள். அதை மட்டும் நால்வரும் தொழில் மரியாதைக்காகப் பார்க்காமல் கடந்தார்கள். வெள்ளைக்கண்ணு மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு நடந்தான்.

வெள்ளை ஷூக்காரர் ஒரு பூங்காவுக்குள் நுழைந்தார். அங்கே வட்டமாக ஒரு பாதை இருந்தது. அவர் அதில் ஒரு சுற்று வந்தார். அவர்களும் வந்தார்கள். இன்னொரு சுற்று வந்தார்.

"வாசலைக் காணாமத் தேடுறாரோ?" என்றான் வெள்ளைக்கண்ணு.

"மேயுறதுக்கு முன்னாடி கிடா ஒரு சுத்து சுத்திப் பார்க்கும்டா," என்றார் சோணை.

"இது மூணாவது சுத்து மாமா."

"பெரிய ஊரு. கூடத்தான் சுத்தணும்."

அவர் வேகத்தைக் கூட்டினார், அவர்களும் கூட்டினார்கள். அவர் ஓடினார், செருப்பு சப்தத்தோடு நால்வரும் ஓடினார்கள். பதினோராவது சுற்றில் அவர் ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாருய்யா நீங்க? எதுக்கு என் பின்னாடியே வர்றீங்க?"

"நீங்க மேயுற இடத்துல நாங்களும் மேயலாம்னுதாங்கய்யா," என்றார் சோணை பணிவாக.

அவர் மூச்சு வாங்கியபடியே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "பதினோரு சுத்து. டாக்டர் பத்து சொன்னார், ரெண்டு வருஷமா நாலைத் தாண்டினதில்ல. நாளைக்கும் வர்றீங்களா?"

"நாளைக்கு மாப்பிள்ளைக்கு வேற வேலை இருக்குங்க."

"அப்ப வாங்க, இன்னிக்கு ஜூஸ் என்னோடது," என்று அவர் பூங்கா வாசலிலிருந்த தள்ளுவண்டிக்கு அழைத்துப் போனார். வண்டிக்காரர் ஐந்து டம்ளரில் பச்சையாக எதையோ ஊற்றினார். வெள்ளை ஷூக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்து, உடம்பை ஒரு தடவை உதறிக்கொண்டு போய்விட்டார்.

மாயழகு ஒரு வாய் குடித்தான். வெள்ளைக்கண்ணு ஒரு வாய் குடித்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாமா," என்றான் மாயழகு மெதுவாக. "இது அருகம்புல்லு."

"தெரியுது. குடி."

"வாய்க்கா ஓரத்துப் புல்லு மாமா. வேரோட அரைச்சிருக்காங்க."

சோணை டம்ளரை உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்தார். "இவ்வளவு கட்டடம், இவ்வளவு காரு. எல்லாம் வச்சுக்கிட்டு இந்த ஊரு சனங்க புல்லைத்தான் திங்குது."

"பாவம்," என்றான் சேவுகன். "மதுரையில எனக்கு ரொட்டி குடுத்தாங்க."

"நம்ம ஆட்டுக்கு இது தெரிய வேண்டாம்," என்றான் வெள்ளைக்கண்ணு. "அப்புறம் நம்மள மதிக்காது."

இந்தத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஆளுக்கு இன்னொரு டம்ளர் குடித்தார்கள். பசிக்குப் போதவில்லை, ஆனால் ஊர் எதைச் சாப்பிடுகிறது என்று தெரிந்துவிட்டது.

இரவு எட்டரை மணிக்கு மாயழகு மற்றவர்களை விடுதி வாசலுக்கு அழைத்துப் போனான். காலையில் தடுமாறக்கூடாது என்ற முன்யோசனை. மஞ்சள் சுவர், பக்கத்தில் ஒரு வேப்பமரம், இரும்புக் கதவு. "நாளைக்கு ஏழு மணிக்கு இங்க," என்று மூன்று தடவை சொல்லிக்கொண்டான். பிறகு தெருக்கோடிக்கு வந்து, யாருக்கும் தெரியாத இடத்தைப் பற்றி ஆலோசித்தார்கள்.

முதலில் ஒரு டீக்கடைக்காரரிடம் கேட்டார்கள். "அண்ணே, இந்த ஊர்ல யாருக்கும் தெரியாத இடம் எது?" அவர் நல்ல மனிதர். ஒரு பழைய கிணறு இருக்கும் சந்தைச் சொன்னார்.

"உங்களுக்கு அது தெரியுதே," என்றார் சோணை வருத்தத்துடன். கிணறு தள்ளுபடியானது.

அடுத்து ஒரு ஆட்டோவை நிறுத்தினார்கள். "உங்களுக்குத் தெரியாத இடத்துக்குப் போகணும்."

"எனக்கே தெரியாத இடத்துக்கு நான் எப்படிப்பா போறது?" என்றார் ஆட்டோக்காரர். "வழி சொல்லு, போலாம்."

"வழி தெரிஞ்சா அது தெரிஞ்ச இடம் ஆயிருமே."

அவர் தொரட்டியை அடியிலிருந்து நுனி வரை பார்த்தார். பிறகு ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போனார். வீட்டுக்குத்தான் போயிருக்கவேண்டும்.

"ஆளே இல்லாத இடமாப் பார்த்துப் போயிருவோம்," என்றான் மாயழகு.

"போவோம். போனதும் நமக்குத் தெரிஞ்சிருமே," என்றான் சேவுகன். "நாலு பேருக்குத் தெரிஞ்ச இடத்தை யாருக்கும் தெரியாத இடம்னு எப்படிச் சொல்லுவே? பொண்ணு படிச்ச பொண்ணு. கேட்டா மாட்டிக்குவோம்."

மாயழகு சட்டைப் பையிலிருந்த புகைப்படத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஆறாவது சம்பந்தமும் போய்விடும் போலிருந்தது. தர்க்கத்தில் ஓட்டை இருந்தால் கண்டுபிடிக்கலாம். இதில் ஓட்டையே இல்லை.

நெடுநேரம் கழித்து சோணை தோளிலிருந்த துண்டை எடுத்தார். "கண்ணைக் கட்டிக்குவோம். கண்ணைக் கட்டிக்கிட்டுப் போனா நமக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாத இடம் அப்பத்தான் வரும். ராத்திரி ஊரைப் பார்க்குறதும் இதுலயே முடிஞ்சிரும்."

கீதாரிப் பட்டம் சும்மா வருவதில்லை என்று மூவரும் உணர்ந்தார்கள்.

நால்வரும் துண்டால் கண்ணை இறுகக் கட்டி, தொரட்டியை வரிசையாகப் பிடித்துக்கொண்டார்கள். "எனக்கு ஒண்ணுமே தெரியாது, அதனால நான் முன்னாடி போறேன்," என்று சேவுகன் உரிமையோடு முன்னால் நின்றான். கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பவன் தன்னை அறியாமல் வட்டமாக நடப்பான் என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கொம்பூரணிக்காரர்கள் அந்தக் கட்டுரைகளைப் படித்ததில்லை.

சென்னையின் ராத்திரி அவர்களைச் சுற்றி நடந்தது. கொத்து பரோட்டாக் கல்லில் இரண்டு கரண்டிகள் தாளம் போட்டன. எங்கோ நாலு பேர் சிரித்தார்கள், பைக்குகள் உறுமின, மல்லிகைப்பூ மணத்தது. ஓர் இடத்தில் தரை வழுவழுவென்றானது. குளிர்ந்த காற்று வீசியது. நாதஸ்வரமும் கிடாரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. "கேடரிங் ஆளுங்களா?" என்று ஒரு குரல் கேட்டது. "இல்ல, மேஜிக் ஷோ," என்று இன்னொரு குரல் பதில் சொன்னது. கொஞ்ச நேரம் பலமாகக் கைதட்டினார்கள். வெளியே வரும்போது யாரோ ஒருவர் மாயழகு கையில் ஒரு துணிப்பையைத் திணித்தார். தடவிப் பார்த்தான்: ஒரு தேங்காய், வெற்றிலை, பாக்கு. தாம்பூலப் பை. விருந்தாளிக்கு எல்லாக் கல்யாண வீட்டிலும் கொடுப்பதுதான்.

"சாப்பாடு ஆச்சான்னு கேட்டாங்க மாமா," என்றான் வெள்ளைக்கண்ணு அழுகுரலில்.

"என்ன சொன்னே?"

"புல்லு தின்னாச்சுன்னேன்."

கால் ஓய்ந்தபோது சேவுகனின் கை ஒரு சுவரில் இடித்தது. மேலே ஏதோ மரம் சலசலத்தது. கீழே சிமெண்ட் தரை. "இதுதான்," என்றான். "இந்த இடம் எனக்குச் சுத்தமாத் தெரியல."

ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கட்டை அவிழ்க்காமலே படுத்தார்கள். வேப்பங்காற்று வந்தது. "என்ன அருமையான இடம்," என்றார் சோணை இருட்டுக்குள். "கொம்பூரணியில கூட இப்படி ஒரு காத்து இல்ல."

விடிந்ததும் யாரோ தடியால் மாயழகு தோளைத் தட்டினார்கள்.

"எழுந்திருங்கப்பா. யாரு நீங்க? இது லேடீஸ்..."

"அண்ணே, சொல்லிராதீங்க," என்று மாயழகு துள்ளி எழுந்து கையைக் கூப்பினான், கும்பிடு மரத்தைப் பார்த்து விழுந்தது. "இது எந்த இடம்னு சொல்லிராதீங்க. என் கல்யாணமே இதுலதான் இருக்கு."

"ராத்திரி இங்க படுத்திருந்தோம்," என்றார் சோணை காவலாளியிடம். "உங்க இடம் இனிமே நல்லா விளையும். சோறு எப்ப வரும்?"

காவலாளி தடியைக் கக்கத்தில் இடுக்கினார். கதவைத் திறந்து உள்ளே போனார்.

"மணி என்னண்ணே?" என்று மாயழகு கேட்டான். பதில் வராததால் பயந்தான். ஏழு மணிக்கு விடுதி வாசலில் நிற்கவேண்டும். விடுதிக்குப் போக, இப்போது எங்கே இருக்கிறோம் என்று தெரியவேண்டும். தெரிந்துவிட்டால், யாருக்கும் தெரியாத இடம் போய்விடும். கட்டை அவிழ்த்தால் ஒன்று போகும், அவிழ்க்காவிட்டால் இன்னொன்று போகும். துண்டு நனைந்தது.

கதவு கிறீச்சிட்டது. "மாயழகுதானே நீங்க?" என்றது ஒரு பெண்குரல்.

போனில் கேட்ட குரல். அவன் குரல் வந்த பக்கம் திரும்பினான். "நீங்க எப்படி இங்க வந்தீங்க?"

"நடந்துதான்," என்றாள் நித்யகலா. "கண்ணுல என்ன கட்டு?"

"யாருக்கும் தெரியாத இடத்தைப் பார்க்கச் சொன்னீங்கல்ல. பார்த்தா தெரிஞ்சிரும். அதான் பார்க்காம வந்தோம்." திடீரென்று ஒரு சந்தேகம் அவனைக் குத்தியது. "உங்களுக்கு... இந்த இடம் தெரியுமா?"

நான்கு வருஷமாகத் தினமும் இரண்டு தடவை கடந்துபோன மஞ்சள் சுவரை அவள் மேலும் கீழும் பார்த்தாள். சுவரோரம் கண்ணைக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்த நால்வரைப் பார்த்தாள்.

"தெரியாது," என்றாள். "இன்னிக்குத்தான் முதல்ல பார்க்கிறேன்."

நான்கு பெருமூச்சுகள் கேட்டன.

"மணி ஆறே முக்கால்," என்றாள் அவள். "விடுதி வாசலுக்கு நான் கூட்டிட்டுப் போறேன். வாங்க."

மற்ற மூவரும் செருப்பைத் தடவி மாட்டிக்கொண்டார்கள். மாயழகின் காலுக்கு நீல வார் மட்டும் அகப்பட்டது. இன்னொன்றைக் காலால் துழாவினான்; கிடைக்கவில்லை. கட்டை அவிழ்த்துத் தேட முடியாது. "போகட்டும்," என்று ஒற்றைச் செருப்போடு கிளம்பினான்.

நித்யகலா தொரட்டியின் முனையைப் பிடித்துக்கொண்டு அவர்களைத் தெருக்கோடி வரை நடத்தினாள், பின்தெரு வழியாகத் திருப்பினாள், கோயிலைச் சுற்றினாள், பால் பூத்தைச் சுற்றினாள். பூக்கார அம்மா, "என்னா கண்ணு, இவ்ளோ பேரா?" என்று கேட்டதற்கு, "ஒருத்தர்தான் அக்கா, மத்தவங்க கூட வந்தவங்க," என்றாள். காவலாளி வாசலில் நின்று பார்த்தபடி இருக்க, புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்தினாள்.

"இதுதான் எங்க விடுதி வாசல். மணி ஏழு. அவிழ்த்துக்கலாம்."

அவிழ்த்தார்கள். வெளிச்சத்தில் கண் கூசியது. மஞ்சள் சுவர், வேப்பமரம், இரும்புக் கதவு. நேற்றுப் பார்த்த அதே வாசல் என்று மாயழகு நிம்மதியடைந்தான். பிறகு அவளைப் பார்த்தான். புகைப்படத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம் உயரம். சிரிப்பை உதட்டுக்குள் கடித்துப் பிடித்திருந்தாள்.

"சொல்லுங்க. எப்படி இருந்துச்சு ஊர்?"

அவன் மனப்பாடம் செய்து வந்த மாதிரி நிமிர்ந்து நின்றான். "சாப்பாடு, புல்லு. எல்லாரும் அதைத்தான் திங்குறாங்க. ராத்திரி அழகா இருக்கும்னீங்க, ஒரே இருட்டு. ஒரு விளக்குகூட இல்ல. யாருக்கும் தெரியாத இடம் ஒண்ணு பார்த்தோம், அது எங்க இருக்குன்னு தெரியல. மொத்தத்துல எங்க ஊர் மாதிரியேதான் இருக்கு. இங்க இருந்துக்கலாம்."

"இதுக்கு முன்னாடி ரெண்டு பேர் வந்தாங்க," என்றாள் அவள். "ரெண்டு பேருமே பீச் நல்லா இருந்துச்சுன்னாங்க."

"நாங்க பீச்சைப் பார்க்கல."

"தெரியுது."

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் மாயழகு கையிலிருந்த பையை நீட்டினான். தேங்காய், வெற்றிலை, பாக்கு. சோணை பதறி, அவிழ்த்துத் தோளில் போட்ட துண்டை இடுப்புக்கு இறக்கினார். நிச்சயத்துக்குத் தட்டு மாற்றும்போது அப்படித்தான் செய்யவேண்டும். அவள் பையை வாங்கி, அதில் அச்சிட்டிருந்ததைப் படித்தாள்.

"தமிழினியன், கோமளவல்லி. யாரு இவங்க?"

"தெரியாதுங்க. ராத்திரி இருட்டுல குடுத்தாங்க."

"சரி," என்றாள் நித்யகலா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. "நம்ம கல்யாணத்துக்கு அவங்களையும் கூப்பிடணும். நான் வேலைக்குக் கிளம்பணும். முதல்ல எல்லாரும் போய் எங்கயாவது இட்லி சாப்பிடுங்க. இது என் உத்தரவு."

இந்த உத்தரவை வெள்ளைக்கண்ணு ஒரு எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்தான்.

அவள் உள்ளே போனதும் சோணை வாசலை ஏற இறங்கப் பார்த்தார். "இது என்னடா இடம், ஒரே புழுக்கம். ராத்திரி நாம படுத்திருந்தோமே, அது இடம்."

"அந்த மரம் என்ன மரமோ," என்றான் சேவுகன் வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டு. "அந்த மாதிரி காத்து இனிமே கிடைக்காது."

"கல்யாணத்தை அங்க வச்சுக்கலாம் மாமா," என்றான் மாயழகு.

"வச்சுக்கலாம். எல்லாரும் கண்ணைக் கட்டிக்கிட்டு வரணும்னு பத்திரிகையில போட்டிருவோம்."

கிளம்பும்போது வேப்பமரத்தடியில் மாயழகின் கண் எதிலோ பட்டது. ஒரு டயர் செருப்பு. வலது கால். புதிது. பச்சை வார்.

நால்வரும் சுற்றி நின்று அதைப் பார்த்தார்கள்.

"உன்னது மாதிரியே இருக்கே மாப்ளே," என்றான் சேவுகன்.

"என்னது எப்படி மச்சான் இங்க வரும்? என்னது யாருக்கும் தெரியாத இடத்துல கிடக்கு."

"அதுவும் சரிதான்."

மாயழகு குனிந்து செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தான். நல்ல தையல். இதைத் தொலைத்தவன் இப்போது எந்தத் தெருவில் ஒற்றைச் செருப்போடு கத்திரி வெயிலில் நொண்டுகிறானோ. ஒற்றைச் செருப்பின் கஷ்டம் அவனுக்கு அன்று காலையிலிருந்து தெரியும்.

செருப்பை எடுத்த இடத்திலேயே வைத்தான். தன் இடது காலிலிருந்த நீல வார்ச் செருப்பைக் கழற்றி, அதற்கு ஜோடியாகப் பக்கத்தில் வைத்தான்.

"அண்ணே," என்றான் காவலாளியிடம். "இதைத் தேடிக்கிட்டு ஒரு ஆளு வருவான். வார் ரெண்டும் ஒரே நிறமா அமையல, கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டு, அதற்குள் சுட ஆரம்பித்திருந்த தரையில் வெறுங்காலோடு நிழல் தேடிக் குதித்துக் குதித்துப் போனான்.